பூரணத்தின் வயிற்றில் குடியிருந்தவர்கள்

பொங்கலுக்கு முந்தின வாரம் பூரணத்தின் வயிற்றில் குடியிருந்த கொக்கிப்புழுக்கள் வெள்ளையடித்தார்கள். அவள் ஏப்பம் விட்டால் சுண்ணாம்பு வாசம் வந்தது.

"சுத்தமா வச்சிருக்காவ. அதுல ஒரு கொறையும் சொல்லப்படாது" என்றாள் பூரணம்.

அவள் மகள் இசக்கிக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். இசக்கி நுண்ணுயிரியல் படித்தவள். வாய்க்கால் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள். தெருவில் அவளைப் பூச்சிக்குப் படித்த பிள்ளை என்பார்கள். பூச்சிக்குப் படித்த பிள்ளையைப் பெற்றவள் வயிற்றிலேயே பூச்சி வெள்ளையடித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பூரணம் வாழைத்தோட்டத்து வேலைக்காரி. அந்தத் தோட்டத்து மண்ணில் வாய்க்கால் தெருக்காரர்கள் செருப்போடு இறங்கக்கூடாது. எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் இசக்கி கிழித்துப் போட்டிருப்பாள். ஈரமண்ணில் வெறுங்காலோடு நின்றவளின் பாதத்தைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டுத்தான் அந்தப் புழுக்கள் வந்தார்கள். கேட்டு வந்தவர்களை மாட்டேன் என்று சொல்லப் பூரணத்துக்குத் தெரியாது. அன்று ஏறியவர்கள்தான். இசக்கி முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த செருப்பை அவள் வரப்பில் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சாப்பாட்டு வேளைக்கு அவர்கள் வெளியே வருவார்கள். கூடத்தில் வரிசையாக உட்காருவார்கள். பூரணம் இலை போட்டுச் சுடுசோறு பரிமாறுவாள். தின்று முடித்ததும் மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் அவள் சட்டியைப் பக்கத்தில் இழுப்பாள். பெரும்பாலும் அடியில் காந்தல் இருக்கும். காந்தலுக்கு ஒரு தனி ருசி உண்டு என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தே பழக்கம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அந்த முதல் இலைக்குப் பெரியவர் வந்துவிட்டார்.

பெரியவர் என்பது மூத்த புழு. மரியாதையானவர். உப்புக் குறைந்தால்கூடச் சத்தம் போட மாட்டார். பார்ப்பார். அவ்வளவுதான்.

பூரணம் குறைந்துகொண்டே வந்தாள். மெலிந்தாள் என்று சொன்னால் போதாது. உயரமே குறைந்தது. இசக்கியின் காதுவரை இருந்தவள் தோளுக்கு வந்தாள். பிறகு தோளுக்கும் கீழே போனாள். கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காகிதம் போல இருந்தது. படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாச்சுல்லா" என்பாள். அவளைவிட மூத்தவர்களெல்லாம் தெருவில் முழு உயரத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

சுகாதார அலுவலர் கோமதிநாயகம் மாதாமாதம் நாடாவோடு வந்தார். வாசல் கதவில் சாய்த்து நிறுத்தித் தாழ்ப்பாளோடு ஒப்பிட்டு அளப்பார்.

"தாழ்ப்பாளுக்கு மேல தல தெரியுத வரைக்கும் நீங்க வீட்டுக்காரி. அவிய குடியிருக்கவிய" என்றார்.

"கீழ போயிட்டா?" என்று கேட்டாள் இசக்கி.

"அவிய வீட்டுக்காரங்க. இவிய குடியிருக்கவிய."

"எந்த வீட்டுல?"

"இவிய வயித்துல."

"அவ வயித்துக்குள்ள அவ எப்படி சார் குடியிருக்க முடியும்?"

"அது வீட்டுக்காரங்க இஷ்டம்மா. நல்ல மாதிரியாத்தான் தெரியுதாவ." நாடாவைச் சுருட்டினார். "இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. அடுத்த தடவை வரும்போது முடிஞ்சிரும்னு நெனைக்கேன்."

தையல் கடையில் ஜாக்கெட் முடிந்துவிடும் என்பது போலச் சொன்னார். இசக்கி அவர் முன்னாலேயே கதவை எட்டி உதைத்தாள். தாழ்ப்பாள் குலுங்கியது. அதனால் அது ஒன்றும் கீழே தாழவில்லை.

அவள் அவரோடு வாசலிலேயே மல்லுக்கு நின்று பூச்சி மாத்திரை வாங்கினாள். பூரணம் மென்று முழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அவர்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினார்கள். பெரியவர் கடைசியாக வந்தார். போய் வருகிறோம் என்றார்.

"வழியில திங்க ஏதாச்சும் கட்டித் தரட்டா?" என்றாள் பூரணம்.

"எம்மா!"

"சும்மா ஒரு வார்த்தைக்குக் கேட்டேன்ட்டி."

அன்று சாயங்காலம் இசக்கி வேலை முடிந்து பஸ் நிலையத்துக்கு வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. அடுத்தவர்கள் ரத்தத்தையெல்லாம் பார்த்துக் குறை சொல்லுகிற வேலை. சிமெண்டு பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிகளை மடியில் வைத்திருந்தார்கள்.

"எந்த ஊருக்கு?" என்றாள் இசக்கி.

"ஊருக்கெல்லாம் இல்லம்மா. கொஞ்ச நேரம் காத்தாட இருந்துட்டு வீட்டுக்குத்தான்" என்றார் பெரியவர்.

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு."

"மாத்திர போட்டு வெரட்டியாச்சுல்லா? வெக்கமா இல்ல?"

"வெரட்டினிய. மரியாதைக்குக் கெளம்பினோம். ஆனா வீடு காலியாத்தானம்மா கெடக்கு? ஒரு ஆள் இல்ல, ஒரு சத்தம் இல்ல. காலி வீட்டப் பாத்தா எங்களுக்கு மனசு கேக்காது. நாங்க வராட்டா தோட்டத்து மண்ணுலேர்ந்து வேற ஆளு ஏறுவாவ. அவிய எப்படிப்பட்டவியளோ! நாங்கன்னா தெரிஞ்சவிய."

பஸ் வந்தது. அவர்கள் முந்தி ஏறிப் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார்கள். இசக்கி வீடு வரைக்கும் நின்றபடி வந்தாள். வீட்டில் பூரணம் இலை போட்டு வைத்திருந்தாள். "போனவிய வழியில என்னத்தத் தின்னாவளோன்னு நெனச்சேன்" என்றாள்.

இசக்கி அன்று சாப்பிடவில்லை. பெரியவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். எரிச்சலாக இருந்தது. புழு சொன்னது சரி. விரட்டுவது ஒரு வேலை, நிரப்புவது இன்னொரு வேலை. இதைக் கல்லூரியில் அவளுக்குச் சொல்லித்தான் கொடுத்தார்கள். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தாள்.

"நல்ல கிருமின்னு உண்டும்மா" என்றாள். "தயிரு, மோரு இதுலயெல்லாம் இருக்கும். அதுகள மொதல்ல உள்ள குடி வைக்கணும். இடம் நெறஞ்சிட்டா இதுகளுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கச் செவரு கெடைக்காது. கூடவே மாத்திரையும் போடணும்."

"அது இவியள வெரட்டிருமா?"

"அது மட்டுமே வெரட்டும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காவ. மனுசருக்கு இன்னும் பாத்துட்டு இருக்காவ."

"எலிக்குக் கேட்டுச்சா?"

"கொஞ்சம் கேட்டுச்சு."

"இப்பம் அந்த எலி நல்லா இருக்கா?"

சோதனை முடிந்த எலியை என்ன செய்வார்கள் என்பதை இசக்கி சொல்லவில்லை. "நல்லா இருக்கும்மா" என்றாள். பூரணம் எலிக்காகச் சந்தோஷப்பட்டாள்.

இசக்கி முதலில் கடைக்குப் போனாள். தயிர்ப் பாக்கெட் வாங்கி வந்து பிரித்தாள். உள்ளே தயிரின் புகைப்படம் இருந்தது. நல்ல கேமராவில் எடுத்தது. திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"எல்லாரும் இதத்தானம்மா வாங்குதாவ. கெட்டே போவாது" என்றார் அவர்.

வீட்டிலேயே உறை ஊற்ற வேண்டியதுதான் என்று பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு, உறைமோர் கேட்கப் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் மதினியிடம் போனாள். பக்கத்து வீடுதான். ஆனால் மோர் கேட்டுப் போகிறவர்களுக்கு அந்த வீட்டு நடை நீளும். இசக்கி நடந்தாள். நெல் மூட்டைகளைத் தாண்டினாள். கட்டியிருந்த ஒரு கன்றுக்குட்டியைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தபோது அது மாடாகியிருந்தது. அடுப்படியில் மதினி தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மதினி, கொஞ்சம் போல உறைமோர் தாங்க."

"வெளக்கு வச்சாச்சே."

விளக்கு வைத்த பிறகு மோர், தயிர், உப்பு எதையும் வீட்டைவிட்டு வெளியே கொடுக்க மாட்டார்கள். இசக்கிக்கும் தெரியும்.

"எப்பம் வச்சிய?"

"போன சித்திரையில."

"இன்னுமா அணைக்கல?"

"அணைச்சா எல்லாரும் எதையாச்சும் கேட்டு வந்துருதாவளே."

இசக்கி குனிந்து விளக்கை ஊதி அணைத்தாள். அது அணைந்தது. வெளிச்சம் அணையவில்லை.

"நீ ஊதினா கணக்குல வராதுட்டி. வச்சவதான் அணைக்கணும்" என்றாள் மதினி. "ஏளா, நீ படிச்சவ. மோருக்கு ஏன் எங்கள நம்பி வார? படிச்ச படிப்புல ஒரு சட்டி தயிர் வராதா?"

"நல்லா கேட்டிய மதினி. ஒங்க தயிரு ஒங்க மடியிலேயே புளிச்சுப் பொங்கட்டும்."

"பொங்கட்டும், பொங்கட்டும். அம்மாவக் கேட்டதாச் சொல்லு. பார்வைக்கே தட்டுப்பட மாட்டேங்கா."

தெரு முழுவதும் விளக்கு வைத்தாகியிருந்தது. யார் வீட்டிலும் எப்போது வைத்தார்கள் என்று சரியாகச் சொல்லவில்லை. கடைசி வீட்டில் மோர் என்ற சொல்லையே கொடுக்க மறுத்தார்கள். "அது" என்று மட்டும் சொன்னார்கள்.

இசக்கி வெறுங்கிண்ணத்தோடு திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். பால் ஆறிப்போயிருந்தது. பூரணம் முக்காலியின் மேல் ஏறி நின்று அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். தரையில் நின்றால் அடுப்பு எட்டவில்லை. அந்த அடுப்படியில் ஏதோ ஒரு வாசனை இல்லாமல் இருந்தது. எதுவென்று பிடிபட இசக்கிக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"எம்மா, நம்ம வீட்டுல பழையது போடுத பான எங்க?"

"அது எதுக்கு இப்பம்?"

"எங்கன்னு கேக்கேன்."

"நீ பட்டம் வாங்குன அன்னைக்கே கவுத்திட்டேன்."

"ஏன்?"

"டிகிரி வாங்குன பிள்ள இருக்க வீட்டுல பழஞ்சோறு திங்காவன்னு ஒருத்தர் சொல்லப்படாதுல்லா? அதான் மூணு வேளையும் சுடுசோறு. ஒரு பருக்க தண்ணியில விழ விடுததில்ல." பூரணம் அதைப் பெருமையோடுதான் சொன்னாள்.

இசக்கி வாயைத் திறந்தாள். திட்டுவதற்கு ஆள் தேடினாள். ஊரைத் திட்டலாம். தோட்டத்துக்காரரைத் திட்டலாம். அங்கியும் தொப்பியும் போட்டு எடுத்துச் சுவரில் மாட்டியிருக்கிற தன் போட்டோவைத் திட்டலாம். அம்மாவை மட்டும் திட்ட முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பழஞ்சோற்றோடு வந்து இந்த வீட்டு வயிறுகளில் குடியிருந்தவர்களை ஒரு பட்டம் ஒரே நாளில் காலி பண்ணிவிட்டது. அவர்கள் இருந்த இடத்தில் இன்னொருத்தன் வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறான்.

பானை பரண் மூலையில் கவிழ்ந்து கிடந்தது. தேய்த்துக் கழுவினாள். ஆறின சோற்றைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினாள். யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

யாரையும் கேட்காமலே நல்ல கிருமிகள் வந்து சேர்ந்தார்கள். ஜன்னல் வழியாக வந்தார்கள். பானைச் சுவரிலிருந்து எழுந்து வந்தார்கள். இசக்கியின் விரல் இடுக்கிலிருந்து ஒரு குடும்பமே இறங்கியது. பாய், சட்டி, பிள்ளைகள், ஒரே கூச்சல். யார் எங்கே படுப்பது என்று வந்ததும் வராததுமாகச் சண்டை பிடித்தார்கள். பானை புளித்தது. இடுப்பில் பிள்ளையை வைத்திருந்த ஒரு பெரிய மனுஷி மட்டும் விளிம்பில் ஏறி எட்டிப் பார்த்தாள்.

"எந்த வயிறு?" என்றாள்.

இசக்கி அம்மாவைக் காட்டினாள்.

"ஆளு சின்னதா இருக்காளே. நாங்க கூட்டம் ஜாஸ்தி."

"போகப் போகப் பெருசாவா."

"நாங்க போகணும்னா அவ மொதல்ல குடிக்கணும். வெறும் வயித்துல. அந்த வெள்ளப் பயலுவ எலைக்கு வந்து ஒக்காந்த ஒடனே, அவனுவ தின்னு முடிக்கதுக்குள்ள. அவனுவ தின்னுட்டு உள்ள போய்க் கால நீட்டிட்டானுவன்னா எங்களுக்கு நடையிலதான் படுக்க. நடையில படுக்க நாங்க வரல."

"குடிக்க வைக்கேன்" என்றாள் இசக்கி.

சொன்னது சுலபம். மறுநாள் சாப்பாட்டு வேளை வந்தது. புழுக்கள் வெளியே வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரியவர் முதல் இலையில். கோமதிநாயகமும் அந்த மாதத்து அளவு எடுக்க நாடாவோடு வந்து வாசலில் நின்றார். பூரணத்தின் தலை சரியாகத் தாழ்ப்பாள் மட்டத்துக்கு இருந்தது. ஒரு மயிரிழை மேலே என்று வேண்டுமானால் சொல்லலாம். அதுவும் முடியை அள்ளி முடிந்திருந்ததால்.

இசக்கி பானையில் புளித்திருந்த நீத்தண்ணியை ஒரு செம்பில் ஊற்றிச் சோற்றைப் பிசைந்துவிட்டு அம்மா முன்னால் நீட்டினாள்.

"குடி."

"எலையில ஆளு இருக்கும்போதா?"

"ஆமா. குடி."

"அவியளுக்குப் போட்டுட்டுக் குடிக்கேன்ட்டி. எங்க ஓடிருது?"

"போட்ட பொறவு ஒனக்கு எப்பம்மா மிஞ்சியிருக்கு?"

"சோறு ஆறுது" என்றார் பெரியவர். கோபமாகச் சொல்லவில்லை.

"ஒரு நிமிசம், இதோ" என்று பூரணம் கரண்டியை எடுத்தாள்.

இசக்கி செம்பைத் தரையில் வைத்தாள். ஓர் இலையை எடுத்து வரிசையின் கடைசியில் போட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த புழு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

"என்னட்டி செய்யுத?"

"எனக்கும் போடு. தின்னுட்டு இவியகூட நானும் உள்ள வாறேன். பத்து மாசம் இருந்த எடம்தான. ஒரு மூலையில படுத்துக்கிடுதேன்."

பூரணம் கரண்டியோடு நின்றாள். தன் வயிற்றைக் குனிந்து பார்த்தாள். கையால் அளந்து பார்த்தாள். பிறகு பெரியவரிடம் கேட்டாள்.

"எம் பிள்ள வந்தா எங்க படுப்பா?"

பெரியவர் மற்றவர்களைப் பார்த்தார். மற்றவர்கள் இலையைப் பார்த்தார்கள்.

"இப்பதான் வெள்ளையடிச்சிருக்கு" என்றார் பெரியவர். "கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்."

"கலந்து பேசணுமா?"

"எடம் நெருக்கடிதானம்மா. ஒங்களுக்கே தெரியும்."

பூரணம் கரண்டியைக் கீழே வைத்தாள். கூடத்தின் நடுவில், எல்லோருக்கும் முன்னால், உட்கார்ந்தாள். செம்பை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்தாள். தொண்டைக்குள் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் இறங்குகிற சத்தம் கேட்டது. பாய் உதறினார்கள். சட்டி உருண்டது. யாரோ யாரையோ தள்ளிப் படுக்கச் சொன்னார்கள்.

"கொஞ்சம் எந்திரிங்க. அளந்துட்டுப் போயிருதேன்" என்றார் கோமதிநாயகம்.

"சாப்பிட்டுட்டு இருக்கேன்லா" என்றாள் பூரணம்.

சாப்பிடுகிற ஆளை நடுவில் எழுப்பக்கூடாது. அவரும் அம்மா கையில் சாப்பிட்டு வளர்ந்தவர்தான். நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்ன உள்ளி இருக்காட்டி?"

இசக்கி சின்ன வெங்காயத்தை உரித்துக் கொடுத்தாள். கூடவே மாத்திரையையும் கொடுத்தாள். பூரணம் இரண்டையும் மென்றாள். சாப்பாட்டுக்கு வராமல் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த சில புழுக்கள் பெட்டியும் கையுமாக வெளியே வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார்கள். பெரியவர் எழுந்து பூரணத்தின் பக்கம் போனார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"எடமில்ல" என்றது உள்ளிருந்து ஒரு பொம்பிளைக் குரல். "காலத் தூக்கும், பிள்ளைய மிதிச்சிராதயும்."

பெரியவர் திரும்பி வந்தார். இலைகள் காலியாகவே இருந்தன. யாரும் பரிமாறவில்லை. பூரணம் செம்பை மறுபடி நீட்டினாள். இசக்கி ஊற்றினாள். மறுபடி நீட்டினாள். மறுபடி ஊற்றினாள். ஆள் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டிருந்தாள். தாழ்ப்பாள் அவள் தலைக்குப் பின்னால் போய் மறைந்தது.

"ஒக்காந்துகிட்டே மறைக்கிய. இது சட்டத்துல இல்லியே" என்றார் கோமதிநாயகம்.

"சட்டத்த அந்தப் பக்கம் வையும். நந்தி மாதிரி வாசல அடைச்சிக்கிட்டு" என்றாள் பூரணம். அவள் இப்படிப் பேசி இசக்கி கேட்டதே இல்லை. "ஏட்டி, நீயும் ஏன் நிக்க? காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கல. வா, எம் பக்கத்துல ஒக்காரு."

"நானும் ஒக்காந்தா யாரும்மா ஊத்த?"

பூரணம் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பார்வை முதல் இலையில் போய் நின்றது.

"பெரியவரே, எந்திரிங்க. அந்தக் கரண்டிய எடுங்க."

பெரியவர் எழுந்து நின்றார். கரண்டியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நாங்க இதுவரைக்கும் யாருக்கும் போட்டது இல்லையேம்மா" என்றார். "எங்களுக்குக் கையும் கெடையாது."

"படிச்சுக்கிடுங்க" என்றாள் பூரணம். "எம் மவ படிக்கலையா?"

இசக்கி அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பெரியவரிடம் ஒரு தட்டை நீட்டினாள்.